மடி கெடாத கூரை

— சுவத்துல ஒட்டுனது விழுந்தா காலு போவும் சாமி. சீலிங்ல ஒட்டுனது விழுந்தா இன்னா போவும்? நீங்களே சொல்லுங்க.

— தலை போகும்.

— ஆங். அதத்தான் காலையிலேருந்து சொல்லிகினு இருக்கேன்.

— என் தலைதானே, பூபாலா. உன்னுடையது இல்லையே. ஒட்டு.

— இன்னா சாமி, வாழைக்காய ரெண்டா அரின்ற மாதிரி சொல்றீங்க? நாலடிக்கு ரெண்டடி டைல்ஸ் ஓடு இது. தூக்கிப் பாத்தீங்களா?

— கடையில் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன். இணைப்பு குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். இதைக் காட்டினான். மூன்று ஓடு போட்டால் குளியலறைக் கூரை முழுவதும் மூடிவிடும் என்றான்.

— மூடும். யாரு இல்லன்றா? ஆனா த்தோ, இங்க வந்து நில்லுங்க. மேல பாருங்க. இந்த மூலையில கறுப்பா பூத்துகினு இருக்குதே, அது இன்னா?

— ஈரம்.

— தட்டறேன், கேளுங்க. இங்க கெட்டியா கேக்குதா? இப்ப இங்க. பொத்துபொத்துன்னு கேக்குதா? பூச்சு தளத்த உட்டுட்டு தொங்கிகினு இருக்குது சாமி. ஓடு பசையப் புடிச்சுக்கும், பசை பூச்சப் புடிச்சுக்கும். பூச்சு யாரப் புடிச்சுக்கும்?

— பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஒட்டு.

— கொத்தறேன். அப்புறம்? மேலேருந்து தண்ணி வந்துகினேதானே இருக்கும்? ஈரத் தளத்துல ஒட்டு நிக்காது. பலகை வெச்சு முட்டு குடுத்து நிறுத்திடுவேன், அது பெரிசில்ல. முட்ட எடுத்தப்புறமும் நிக்கும். ஒரு மாசம் நிக்கும், ரெண்டு மாசம் நிக்கும். அப்புறம் ஒரு நாள் நீங்க சோப்பு போட்டுகினு கண்ண மூடிகினு இருப்பீங்க…

— நான் சோப்பு போடுவதில்லை.

— ஐயோ சாமி!

— ஏன்னா, என்ன சொல்றான் அவன்?

— ஒட்டினால் விழும் என்கிறான், ஜம்பகம்.

— விழாம ஒட்டத் தெரிஞ்சவன்னு சொல்லித்தானே மேஸ்திரி தணிகைமணி அனுப்பினார்?

— விழாம ஒட்டத் தெரிஞ்சதாலதான் மாமி விழும்னு சொல்றேன். தெரியாதவன் இந்நேரம் ஒட்டிட்டு ஆர்.கே.பேட்டை பஸ் ஏறியிருப்பான்.

— அவன் சொல்வதில் பிழையில்லை, ஜம்பகம். ஆனால் எனக்கு வேறு வழியில்லை. பூபாலா, நான் செய்யும் தொழில் உனக்குத் தெரியுமா?

— மலைமேல கோயில் மடப்பள்ளியில சமையல்னு சொன்னாங்க. சாமிக்கு நீங்க ஆக்கிப் போட்டாத்தான் சாப்பாடாமே.

— ஆக்கிப் போடுவது என்று சொல்லாதே. அமுது செய்விப்பது. விடியலுக்கு முன் இங்கே குளிக்கிறேன். ஈர வேட்டியைச் சுற்றிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு எவரும், எதுவும் என்மேல் படக்கூடாது. அந்த மடியோடு மலையேறினால்தான் அடுப்பைத் தொடலாம். இப்போது என்ன நடக்கிறது? குளித்து முடித்து நிற்கிறேன். உச்சந்தலையில் ஒரு சொட்டு. மேல்மாடிக் குளியலறையில் தரையிலே ஓடிய தண்ணீர். மடி போயிற்று. மறுபடி குளி. மறுபடி ஒரு சொட்டு.

— சாமி பேசினா மலைமேல கல்வெட்டு வாயத் தொறந்தாப்ல இருக்குது.

— பாடசாலையில வளர்ந்தவர், அப்படித்தான் பேசுவார். நீ வேலையைப் பாருப்பா.

— வேலையத்தான் மாமி பாக்கறேன். இது மேல சரி பண்ண வேண்டிய வேலை. கீழ ஓட்ட ஒட்டுனா ஒழுகல் நிக்காது, ஒளிஞ்சுக்கும். மேல யாரு இருக்காங்க? வாடகைக்கு உட்டுருக்கீங்களா?

— மேலே ஒருவரும் இல்லை.

— பூட்டியிருக்கு.

— அப்ப தொறங்க. தண்ணி வடியற ஓட்டையச் சுத்தி கலவை உட்டுப் போயிருக்கும். ஒரு மணி நேர வேலை. ஜோரா அடைச்சுடறேன்.

— சாவி இல்லையேப்பா. தொலைஞ்சு போயிடுத்து.

— ஆமாம். தொலைந்துவிட்டது.

— பூட்ட ஒடச்சுட்டா?

— வேண்டாம்.

— வேண்டாம்ப்பா.

— சரி, வேணாம். ஒண்ணு சொல்லுங்க. மேல ஆளில்ல. குளிக்கிறவங்க இல்ல. அப்ப தண்ணி எங்கேருந்து வருது?

— பழைய கட்டடம். எங்கேயாவது குழாய் கசியும்.

— ஆமா, ரொம்பப் பழைய குழாய்.

— அப்ப இன்னும் சுளு. மொட்டமாடி தொட்டியிலேருந்து மேல்மாடிக்குத் தனியா ஒரு வால்வு இருக்கும். மூடிட்டேன்னா முடிஞ்சுது கதை. ஆளில்லாத வீட்டுக்குத் தண்ணி எதுக்கு?

— வால்வைத் தொடாதே, பூபாலா.

— வால்வை மூடாதே. அது… ஒரு தடவை மூடினா திறக்க வராது.

— இன்னா இது, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பதர்றீங்க? தங்கம் கிங்கம் பொதைச்சு வெச்சுகினு இருக்கீங்களா மேல?

— உன்னை நான் கேட்டது ஒன்று. கூரைக்கு ஓடு. பெரிய ஓடு. அதன் வழியே ஒரு சொட்டு என்மேல் படக்கூடாது. மேலே என்ன ஓடுகிறது, எதற்கு ஓடுகிறது என்பது உன் கவலை இல்லை. என் கவலையும் இல்லை.

— விழுந்துதுன்னா ஊரு இன்னா சொல்லும் சாமி? முருகனுக்கு சோறு போடறவரு தலைல பூபாலன் ஒட்டுன ஓடு விழுந்துதுன்னு சொல்லும். அப்புறம் இந்தத் திருத்தணியில ஒரு மாட்டுக்கொட்டாய்க்குக் கூட என்னக் கூப்புட மாட்டான்.

— உச்சிக்கால நைவேத்தியத்துக்கு நேரமாகிறது. கொல்லைக் குழாயில் குளித்துவிட்டுப் புறப்படுகிறேன். நான் திரும்புவதற்குள் பூச்சையாவது கொத்தி வை. ஜம்பகம், அவனுக்கு மோர் கொடு.

*

— போயாச்சு அவர். தெருமுனை திரும்பியாச்சு. இந்தா, மோர் குடி.

— வெச்சுடுங்க மாமி. நான் சாமானக் கட்டிகினு இருக்கேன்.

— கட்டறியா? எதுக்கு?

— கெளம்பறேன். எங்க நைனா எனக்குக் கரணை புடிச்சு பூசக் கத்துக்குடுத்தப்ப சொன்னது ஒண்ணேதான். ஈரத்த மூடாதடான்னாரு. உங்க வீட்டுக்கோசரம் அத மீற முடியாது. வேற ஆளப் பாருங்க.

— வேற ஆள் ஒட்டினா விழுமா?

— விழும்.

— அவர் தலைமேலயா?

— அந்த நேரத்துல அங்க யாரு நிக்கறாங்களோ அவங்க மேல.

— போகாதே. இரு.

— இருந்து இன்னா பண்றது?

— சாவி இருக்கு.

— தொலைஞ்சு போச்சுன்னீங்க?

— இடுப்புலயே இருக்கு. வா மேலே. பாத்து ஏறு, படி உசரம்.

— சாமி தெனம் அந்த மலைப்படிய ஏறி எறங்கறாரு. சொந்த வீட்டுப் படி ஏறி இத ஒரு தபா பாத்திருக்கக் கூடாதா?

— அவர் இந்தப் படி ஏறறதில்லை. அந்த ரூமைத் திற. அதான் குளியல் ரூம்.

— ஆளில்லாத வீடுன்னு சொன்னீங்க.

— ஆமா.

— த்தோ சோப்பு. வெடிச்சு பாளம்பாளமா கெடக்குது. வருஷக்கணக்கா யாரும் தொடல. துண்டு மடிச்ச மடிப்பு கலையல. ஆனா தரை ஈரமா இருக்குது மாமி. ஷவர் வாயிலேருந்து இன்னமும் ஒண்ணொண்ணா சொட்டிகினு இருக்குது. யாரோ காலையில தொறந்திருக்காங்க.

— நான்தான்.

— நீங்க இங்க வந்து குளிக்கிறீங்களா?

— குளிக்கலை. திறந்து விடறேன். கொஞ்ச நேரம் நிக்கறேன். மூடறேன். இறங்கிடறேன்.

— எதுக்கு?

— நீ மொதல்ல எங்கே ஒழுகறதுன்னு பாரு.

— பாத்துகினுதான் இருக்கேன். த்தோ, வடியற ஓட்டையச் சுத்தி வெரல் போற அளவு சந்து. நீங்க சொல்லுங்க.

— என் பிள்ளை ஸ்ரீகுமார். அவனும் மடப்பள்ளிதான். அவர் கீழே குளிப்பார், இவன் மேலே குளிப்பான். ஒரே நேரம். இவன் குழாயை மூடற சத்தம் கேட்டாத்தான் அவர் கடைசிச் செம்பைத் தலையில விட்டுப்பார். ரெண்டு பேரும் ஈர வேஷ்டியோட ஒண்ணா வெளியில வருவா. ஒண்ணா மலை ஏறுவா.

— இப்ப எங்க அவரு?

— ஆடிக்கிருத்திகைக்கு வாழையிலைக் கட்டு ஏத்திண்டு வரப் போனான். கனகம்மாசத்திரம் தாண்டலை. லாரி. இலையெல்லாம் ரோட்டுல பரந்து கிடந்துதாம். வந்தவா சொன்னா.

— ஐயோ மாமி.

— நீ வேலை செஞ்சிண்டே கேளு. கையை நிறுத்தாதே.

— ஆங்.

— காரியமெல்லாம் முடிஞ்சு மறுபடி கோயிலுக்குப் போகணும்னு காலம்பற குளிக்கப் போனார். வரலை. கதவைத் தட்டினேன். வரேன்னார். வரலை. எட்டிப் பாத்தேன். தண்ணியெல்லாம் விட்டுண்டு முக்காலியில உக்காந்திருக்கார். அழலை. ஒண்ணுமில்லை. சும்மா உக்காந்திருக்கார். மேலேருந்து சத்தம் நிக்கறதுக்காகக் காத்திண்டிருக்கார்னு எனக்கு அப்போ தெரியலை. அன்னிக்கு முரளிதரன்தான் போய் அடுப்பு மூட்டினான். மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும்.

— முரளிதரன் யாரு?

— கூட வேலை செய்யற பையன். ஒரு நாள் நான் இங்கே கழுவி விடலாம்னு வந்தேன். ஷவரைத் திறந்தேன். மூடினேன். கீழே செம்பு சத்தம் கேட்டுது. வேஷ்டி பிழியற சத்தம் கேட்டுது. நான் இறங்கறதுக்குள்ள வாசக்கதவு திறந்து கிடக்கு. கிளம்பிப் போயிட்டார்.

— அதுலேருந்து தெனமும்?

— தினமும். ஜுரம் வந்தப்போ கூட ஏறி வந்தேன்.

— சாமிக்குத் தெரியுமா?

— தெரியாது. ஏதோ குழாய்ச் சத்தம்னு நெனச்சிண்டிருப்பார். அவர் கேக்கலை, நான் சொல்லலை.

— இன்னா மாமி, ஒரே வீட்டுல இருந்துகினு பேசிக்கவே மாட்டீங்களா?

— பேசறோமே. சாதம் போடவா, ரசம் போதுமா, வெயில் ஜாஸ்தியா இருக்கா. எல்லாம் பேசறோம்.

— இத பேசல.

— இதைப் பேசினா அவர் மறுபடி உக்காந்துடுவார். மலைக்குப் போய் அந்த அடுப்பு முன்னாடி நிக்கறதாலதான் அவர் உடம்புல உசிர் இருக்கு பூபாலா. சுவாமிக்கு, தணிகேசனுக்குப் பசிக்குமேன்னு ஒரு நெனப்பு. அது ஒண்ணுதான். எனக்கு அவர் போய் அடுப்பைத் தொட்டா போதும். இந்தத் தண்ணியே அவர் மடியைக் கெடுக்கறதுன்னு தெரிஞ்சப்போதான் எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. திறந்தா மடி போறது. திறக்கலைன்னா மனுஷனே எழுந்திருக்க மாட்டார்.

— அதான் வால்வு சொன்னப்ப அப்படிக் கத்துனீங்களா?

— கத்தினேனா?

— லேசா. நீங்க கோயிலுக்குப் போறதில்லியா மாமி?

— அவன் போனதுக்கப்புறம் போகலை. கீழேருந்தே கும்பிட்டுக்கறேன். எனக்குத் தோணலை.

— நான் ஒண்ணு சொல்லட்டா? இந்த வெடிச்ச கலவைய தோண்டி எடுத்துட்டு, சந்துல பிசினு மாதிரி ஒரு மருந்து இருக்குது, அத ரொப்பிடறேன். கல்லு மாதிரி ஆயிடும். அப்புறம் நீங்க விடிய விடிய தண்ணி தொறந்து உட்டாலும் கீழ ஒரு சொட்டு எறங்காது. சாமிக்கு சத்தமும் கேக்கும், மடியும் இருக்கும்.

— நெஜமாவா?

— பூபாலன் வேலை. ஆனா ஒண்ணு. நாளைக்குக் காலையில மட்டும் தரையில தண்ணி படக்கூடாது. மருந்து காயணும்.

— நாளைக்கா? அப்போ நாளைக்கு அவர் போக மாட்டாரே.

— ஒரு நாள்தானே மாமி?

— உனக்குத் தெரியாது. ஒரு நாள் உக்காந்தா மறுநாள் எழுந்திருக்கறது அவர் கையில இல்லை. வேண்டாம். நீ செய்யவே வேண்டாம்.

— பேஜாரா போச்சே. இருங்க, யோசிக்கறேன். ஷவருக்குக் கீழ ஒரு தொட்டிய வெச்சுட்டா? என் கலவைத் தொட்டி பெரிசு. தண்ணி அதுல விழும், தரையில படாது.

— பிளாஸ்டிக் தொட்டியில விழுந்தா வேற மாதிரி கேக்கும். அவர் காது சாதாரணக் காது இல்லை.

— அதுக்கும் வழி இருக்குது. தொட்டி அடியில மணல் ரொப்பறேன். மேல ரெண்டு ஓட்டுத் துண்டப் பதிச்சுடறேன். ஓரமா ஒரு ஓட்டை போட்டு கொழாய சொருகி ஜன்னல் வழியா வெளிய உட்டுடறேன். தண்ணி தேங்காது. தரையில விழுற மாதிரியே கேக்கும். சத்தத்தக் கேட்டு எந்த ஓடுன்னு நானே கண்டுபுடிக்க மாட்டேன், போதுமா?

— செஞ்சு காட்டு. நான் கீழே போய் நின்னு கேக்கறேன்.

— போய் கதவ சாத்திக்கோங்க. தொட்டிய ஏத்திட்டு உடறேன். கேட்டு சொல்லுங்க.

— பூபாலா!

— சொல்லுங்க மாமி! இன்னா, வேற மாதிரி கேக்குதா?

— இல்லை. மூடிடு. அவன் குளிக்கற மாதிரியே இருக்கு. மூடிடு.

*

— வாங்க சாமி. பாத்து, வழியெல்லாம் பூச்சு கொத்திப் போட்டுருக்கேன். கால வெச்சிடாதீங்க.

— ஜம்பகம் எங்கே?

— பால் வாங்கிகினு வரேன்னு போனாங்க. சாமி, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. ஒழுகல் நின்னுடுச்சு.

— கூரை இன்னும் மூடவில்லையே. எப்படி நின்றது?

— மேலேருந்தே அடைச்சுட்டேன். தளம் காயட்டும், அப்புறம் வந்து உங்க ஓட்ட ஒட்டித் தரேன். இனிமே ஒட்டலாம். உங்க பேரப்புள்ள காலத்துக்கும்… இல்ல, ரொம்ப நாளைக்கு விழாது.

— மேலே போனாயா?

— மாமி சாவி கண்டுபுடிச்சாங்க. அரிசி டப்பாவுல இருந்துச்சாம்.

— என்ன பார்த்தாய்?

— ஒண்ணுமில்ல. பூட்டி வெச்ச ரூம்பு. தூசு.

— தரை?

— காஞ்சு கெடந்துச்சு.

— பொய் சொல்லும்போது நீ கரணையைத் துடைக்கிறாய், பூபாலா. காய்ந்த கரணை அது.

— த்தோ, கீழ வெச்சுட்டேன் சாமி.

— அவளிடம் ஏதாவது கேட்டாயா?

— கேக்கல சாமி. அவங்களா சொன்னாங்க.

— என்னிடம் சொல்லிவிடாதே என்றும் சொல்லியிருப்பாள்.

— அத சொல்லல. ஆனா சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். சாமி, அப்ப உங்களுக்கு…

— முதல் நாளே தெரியும். அவன் குழாயை ஒரே திருகில் திறப்பான். தண்ணீர் திடுமென்று விழும். அவள் சிறிது சிறிதாகத் திறக்கிறாள். குழாய்க்கு வலிக்குமோ என்பதுபோல. மூடுவதும் அப்படித்தான். அந்த வித்தியாசம் தெரியாத காது எனக்கு இல்லை.

— தெரிஞ்சுகினேதான் சும்மா இருந்தீங்களா? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?

— கேட்டால் நின்றுவிடும். பிள்ளை போன பிறகு அவளுக்குப் பொழுது விடிந்தால் செய்வதற்கு இருக்கும் ஒரே காரியம் அது. அந்தச் சத்தம் நின்றதும் எழுந்து நான் புறப்பட்டால், அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போகிறாள். நான் எழுந்திராவிட்டால் அவளும் அங்கேயே நின்றுவிடுவாள். அதனால்தான் வால்வைத் தொடாதே என்றேன். பூட்டை உடைக்க வேண்டாம் என்றேன்.

— ஒருத்தருக்கொருத்தர் நல்லாதான் கண்ணாமூச்சி ஆடிகினு இருக்கீங்க. எனக்கே அழுவை வருது.

— எனக்கு அழுகை இல்லை. வந்தால் நன்றாக இருக்கும். வருவதில்லை.

— உடுங்க சாமி. இனிமே கவலையில்ல. அவங்க தொறந்து உட்டுக்கட்டும். ஒரு சொட்டு எறங்காது. உங்க மடியும் கெடாது, மலைமேல நைவேத்தியமும் லேட்டாவாது.

— நைவேத்தியம் ஒரு நாளும் தாமதமானதில்லை. முரளிதரன் நேரத்துக்கு இறக்கி வைத்துவிடுகிறான்.

— அவரு உங்க கைக்கு உதவிதானே? மாமி சொன்னாங்க.

— இப்போது அங்கே சமைப்பது அவன்தான்.

— அப்ப நீங்க?

— எங்கள் முறை தெரியுமா உனக்கு? தணிகேசன் அமுது செய்யுமுன் அது ஒரு நாக்கிலும் படக்கூடாது. உப்பு இருக்கிறதா, புளி இறங்கியதா என்று வாயில் விட்டுப் பார்க்க வழியில்லை. கைதான் அறிய வேண்டும். என் அப்பா கை அறிந்தது. என் கையும் அறிந்திருந்தது. ஸ்ரீகுமாருக்குப் பிறகு அது மரத்துப்போயிற்று. புளியோதரைக்கு உப்பு இட்டேன். இட்டதை மறந்து மறுபடி இட்டேன். மூன்றாவது முறை அள்ளும்போது முரளிதரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சந்நிதிக்குப் போவதற்குள் அதைக் கொட்டிவிட்டு வேறு செய்தோம். கரண்டியை அவனிடம் கொடுத்துவிட்டு அன்றைக்கே நான் இறங்கிவிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

— இது எப்ப நடந்துச்சு சாமி?

— தைக்கிருத்திகைக்கு முன்னால்.

— அதுலேருந்து மாசக்கணக்காச்சே! தெனம் விடியகாத்தால ஈர வேட்டியோட எங்க போறீங்க?

— மலைக்குத்தான். படியோரம் உட்காருகிறேன். வேட்டி உடம்பிலேயே காய்கிறது. மணி அடித்ததும் இறங்கி வருகிறேன்.

— உச்சிக்காலத்துக்குன்னு சொல்லிட்டு இன்னிக்குப் போனீங்களே?

— அதுவும் அப்படித்தான்.

— ஐயோ. மாமி உங்க உசுரே அந்த அடுப்புலதான் இருக்குதுன்னு நம்பிகினு இருக்காங்க சாமி.

— தெரியும்.

— ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அடுப்பே தொடாதவருக்கு மடி எதுக்கு? சொட்டு விழுந்தா இன்னா, விழாட்டி இன்னா? தல போனாலும் பரவால்லன்னு இந்த ஓட்ட வாங்கிகினு வந்தீங்களே, எதுக்கு?

— மடி கெட்டதற்குப் பதறாத இந்த நாராயணசுவாமியை ஜம்பகம் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை, பூபாலா. தலையில் விழுந்த சொட்டைத் துடைத்துக்கொண்டு நான் பேசாமல் வாசல் தாண்டினால், நான் போகிற இடத்தில் அடுப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.